நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு மிருத்யுஞ்ஜயம்

கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதையும் நல்ல நேரம் பார்த்துத்தான் அனுப்புவார்கள். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் குக்கர் மூடி செய்கிற ஒரு கம்பெனி என்று வைத்துக்கொண்டால் போதும். அங்கே செய்யும் ஒவ்வொரு மூடியிலும் ஒரு சேஃப்டி வால்வு உண்டு. அது சரியாக இருக்கிறதா என்று மூன்று பேர் மூன்று தடவை பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். எங்கோ ஒரு வீட்டில் சாம்பார் வைக்கிற அம்மாளின் முகத்தில் ஆவி அடித்துவிடக் கூடாது என்பதில் கம்பெனிக்கு அவ்வளவு அக்கறை.

அந்த மூடியை அழுத்தி எடுக்கும் பிரஸ்களுக்கு வால்வும் இல்லை, வலையும் இல்லை. ஒரு காலத்தில் கம்பி வலைக் கதவு இருந்தது. திறந்து மூட நேரமாகிறது, உற்பத்தி குறைகிறது என்று கழற்றிவிட்டார்கள். இப்போது அந்தக் கதவுகள் ஆபீஸ் வாசலில் கோழிகள் செம்பருத்தியைக் கொத்தாமல் காவல் காக்கின்றன.

நாலாம் நம்பர் பிரஸ்ஸில் காலால் பெடலை மிதித்தால் மேல் டை என்கிற இரும்பு அச்சு இறங்கி அலுமினியத் தகட்டை மூடியாக்கிவிட்டு மேலே போய் நிற்க வேண்டும். ஆபரேட்டர் கையை உள்ளே விட்டு மூடியை எடுக்க வேண்டும். இதில் 'நிற்க வேண்டும்' என்ற பகுதியை மட்டும் அந்த பிரஸ் மறந்துவிட்டது. பிரேக் தேய்ந்துபோய், நினைத்துக்கொண்டாற்போல இன்னொரு முறை தானாக இறங்கும். ஜனவரியில் அப்படி ஒரு முறை இறங்கியபோது ஷபீரின் வலது கை உள்ளே இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. பாலக்காட்டில் துணிக்கடை வைத்திருந்த அப்பாவோடு உட்கார மாட்டேன், மெஷின் வேலைதான் பிடிக்கும் என்று வந்த பையன். முப்பத்தொரு வயது.

ஷபீர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நாலாம் நம்பருக்குக் குப்பண்ணனை மாற்றினார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர், வயது நாற்பத்தேழு. வீட்டை ஒட்டி அரை ஏக்கரில் வெள்ளரி போடுகிறவர். பத்து விரல்களும் உள்ளவர், அவற்றை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர கம்பெனியிடம் வேறு கோரிக்கை எதுவும் இல்லாதவர். முதல் நாளே சேஃப்டி ஆபீசர் ஜிதினிடம் போனார்.

"ஏனுங்க சார், நாலாம் நம்பருக்கு பிரேக் புடிக்கறதில்லீங்க. காலை எடுத்த பொறவும் ஒருக்கா எறங்குதுங்க. அதைய மாத்திக் குடுத்துப்போட்டா நம்ம பாட்டுக்கு வேலை செய்வேனுங்க."

"அண்ணா, நான் மூணு ரிப்போர்ட் கொடுத்தாச்சு," என்றான் ஜிதின். திருச்சூர்ப் பையன், தமிழை மலையாளத்தின் மேல் வைத்துப் பேசுவான். "ஜி.எம். ஒப்பு போடலை. அவர் கேம்ப்பில் இருக்கு."

ஜெனரல் மேனேஜர் போயிருந்தது மலைமேல் ஒரு ஓட்டலில் நடந்த மூன்று நாள் தலைமைப் பண்பு முகாம். திரும்பி வந்தவர் கையில் மஞ்சள் கயிறும் மடிக்கணினியில் நாற்பது படங்களும் இருந்தன. மறுநாள் எல்லோரையும் கேன்டீனில் கூட்டினார். மெஷின்களை நிறுத்திவிட்டுக் கேட்கிற அளவுக்கு முக்கியமான விஷயம் என்றார். மெஷின்களை நிறுத்த முடியும் என்பதே குப்பண்ணனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"சகோதரர்களே," என்றார் ஜி.எம். "ஷபீரின் இரண்டு விரல்களை நான் இழப்பாகப் பார்க்கவில்லை. பாடமாகப் பார்க்கிறேன். விபத்து எங்கே தொடங்குகிறது? இரும்பிலா? இல்லை, எண்ணத்தில். ஒரு பிரேக்கை மாற்றினால் ஒரு மெஷின்தான் சரியாகும். மனதை மாற்றினால் எல்லா மெஷினும் சரியாகும். அதுவும் ஸ்பேர் பார்ட்ஸ் இல்லாமல்."

நாலைந்து சூப்பர்வைசர்கள் கைதட்டினார்கள். ஜி.எம். திட்டத்தை விளக்கினார். மரண பயம் நீங்க ரிஷிகள் கொடுத்தது மகா மிருத்யுஞ்ஜய மந்திரம். அதை ஒன்றேகால் லட்சம் முறை ஜபித்தால் பூர்த்தி. பகல் ஷிஃப்டில் நாற்பது பேர். ஆளுக்குத் தினம் நூற்றெட்டு. இருபத்தொன்பது நாளில் கம்பெனி பாதுகாப்பாகிவிடும்.

"கட்டாயம் ஒன்றும் இல்லை," என்றார் முடிவில். "நம் கம்பெனியில் எல்லா மதத்துக்காரர்களும் இருக்கிறோம். விருப்பமில்லாதவர்கள் ஜபிக்க வேண்டாம். ஏன் பாதுகாப்பை விரும்பவில்லை என்று மூன்று பிரதிகளில் எழுதிக் கொடுத்தால் போதும்."

குப்பண்ணன் கையைத் தூக்கினார். "மந்தரம் சொல்றேனுங்க சார். எங்க ஊட்டுலயும் சாமி கும்புடறதுதானுங்க. ஆனா அந்த பிரேக்கு?"

"பார்த்தீர்களா," என்று ஜி.எம். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "இதைத்தான் எதிர்மறை எண்ணம் என்கிறோம்."

திட்டம் மாசி முதல் தேதி தொடங்கியது. ஒரு மந்திரத்தைச் சும்மா சொல்லிவிட முடியாது. முதலில் சங்கல்பம். யார், எந்தக் கோத்திரம், எந்த நட்சத்திரம், எதற்காக ஜபிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கம்பெனி அதோடு எம்ப்ளாயி நம்பரையும் மெஷின் நம்பரையும் சேர்த்துக்கொண்டது. கோத்திரம் தெரியாதவர்களுக்கெல்லாம் சிவ கோத்திரம் என்று ஒரே ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். மெஷினுக்கும் நட்சத்திரம் வேண்டும் என்று ஜி.எம். எழுதிவிட்டார். பிரஸ்ஸின் பெயர்த் தகட்டில் ஆண்டு மட்டும் இருந்தது, தேதி இல்லை. தேதி இல்லாதவற்றுக்குக் கடைசியாக முழுப் பராமரிப்பு நடந்த நாளின் நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வந்தது. ஜிதின் இரண்டு நாள் கோப்புகளைப் புரட்டினான். நாலாம் நம்பருக்கு அப்படி ஒரு நாளே இல்லை. கடைசியில் அதற்கு ஜி.எம்.மின் நட்சத்திரத்தையே போட்டார்கள். அவருக்குச் சந்தோஷம்தான்.

வேண்டுதல் என்று ஒரு கட்டம் இருந்தது. குப்பண்ணன் அதில் 'நாலாம் நம்பர் பிரேக்' என்று எழுதினார். அது லௌகிகமான ஆசை, சர்வ நன்மை என்று எழுதவும் என்று சிவப்பு மையில் குறிப்போடு திரும்பி வந்தது. மறுநாளும் 'நாலாம் நம்பர் பிரேக்' என்றே எழுதினார்.

ஜபத்துக்குக் காலையில் அரை மணி போனது. அந்த அரை மணியை ஈடுகட்ட மணிக்கு இருநூறு மூடி என்றிருந்தது இருநூற்றுப் பதினைந்து ஆயிற்று. பாதுகாப்பு மந்திரம் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்காகக் கையை இன்னும் வேகமாக டைக்குள் விட்டு எடுத்தார்கள். எண்ணிக்கைக்கு ருத்ராட்ச மாலை கேட்டவர்களுக்கு, மாலை மெஷினில் சிக்கிக்கொள்ளும் என்பதால் அனுமதி மறுக்கப்பட்டது. அந்த வருடம் கம்பெனி எடுத்த ஒரே உருப்படியான பாதுகாப்பு முடிவு அதுதான்.

மாலை இல்லாவிட்டால் விரல் கணு. மோதிர விரலின் நடுக் கணுவில் தொடங்கி, சுண்டு விரலுக்கு இறங்கி ஏறி, ஆள்காட்டி விரலின் அடிக் கணுவில் வந்து முடிந்தால் பத்து. அதற்கும் முன்னால் கர நியாசம். மந்திரத்தின் துண்டுகளைச் சொல்லிச் சொல்லி, கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாகத் தடவி, விரல்களில் மந்திரத்தை வைத்துக்கொள்வது. கம்பெனி இதைப் பெரிய படமாக அச்சிட்டு எல்லா பிரஸ்ஸுக்கும் மேலே ஒட்டியது. படத்தில் பத்து விரல்களும் ரோஜா நிறத்தில் இருந்தன.

ஒன்பதாம் நாள் ஷபீர் வேலைக்குத் திரும்பி வந்தான். அவனைக் குப்பண்ணனுக்கு உதவியாகத் தகடு எடுத்துக் கொடுக்கப் போட்டார்கள். அவனுக்கும் படிவம் வந்தது. ஜபத்தில் கலந்துகொள்ளாததற்குக் காரணம், மூன்று பிரதிகள்.

"எனக்கு ஓதறதுக்கு வேற இருக்குன்னு எழுதுனா அது மதப் பிரச்னை ஆயிரும் அண்ணே," என்றான் ஷபீர். இடது கையால் பேனாவைப் பிடித்து வெகுநேரம் யோசித்து எழுதினான்: 'ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கம்பெனியில் இருக்கின்றன.'

இது கமிட்டிக்குப் போனது. கமிட்டி என்றால் ஜி.எம்., அவருடைய செக்ரட்டரி, அப்புறம் மினிட்ஸ் எழுதுவதற்காக ஜிதின். இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஷபீர் முஸ்லிம் என்பது பிரச்னையே இல்லை, கம்பெனி பரந்த மனம் கொண்டது. விரல் இல்லை என்பதுதான் பிரச்னை. நியாசம் முழுமையாகாத ஒருவர் மெஷின் அருகில் நின்றால் ஒன்றேகால் லட்சத்தில் குறை விழுமா என்று ஆராய்ந்தார்கள். முடிவு எழுத்தில் வந்தது: ஷபீருக்குக் குறைவுபடும் இரு விரல்களுக்கும் பதிலாக, அதே மெஷினில் பணிபுரியும் குப்பண்ணன் தம் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தினமும் ஒரு முறை கூடுதலாகத் தடவிக்கொள்ள வேண்டும். தலைப்பு, 'பதிலி விரல் ஏற்பாடு'.

குப்பண்ணன் அதைப் படித்துவிட்டு ஜிதினைத் தேடிப் போனார். ஜிதின் பதிவேடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். தினமும் நாற்பது பேரின் எண்ணிக்கை, நட்சத்திரம், வேண்டுதல். பிரஸ்களைச் சுற்றிப் பார்த்து இருபது நாளாகிவிட்டது.

"சார், என்ர வெரலு ரெண்டையும் ஷபீருக்கும் சேத்து எழுதீட்டாங்க. அந்த வெரலும் போச்சுன்னா, அப்பறம் எங்க ரெண்டு பேருத்துக்கும் யாருங்க வெரலு குடுப்பாங்க?"

ஜிதின் தலையைத் தூக்கவில்லை. "அண்ணா, நான் சேஃப்டி டிப்ளமா படிச்சது இதுக்கல்ல," என்றான். "ஊரில் லோன் உண்டு. என்னைக் கேட்காதீங்க."

அந்த வாரம் நாலாம் நம்பர் தானாக இறங்கியது பதினோரு முறை. குப்பண்ணன் வீட்டிலிருந்து ஒரு கருவேலக் கட்டையைக் கொண்டுவந்து காலடியில் வைத்துக்கொண்டார். சிக்கிய மூடியை எடுக்கக் கையை ஆழமாக விட வேண்டி வந்தால் இரண்டு டைகளுக்கும் நடுவில் அதை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் விடுவார். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் போகும். இலக்குக் குறைந்ததற்கு மெமோ வந்தது. மெமோவின் கீழே, மன ஒருமைக் குறைவு காரணமாகக் கூடுதலாக நூற்றெட்டு ஜபிக்கவும் என்றிருந்தது.

இருபத்தொன்பதாம் நாள், பிரஸ்களுக்கு நடுவிலேயே பூர்த்தி விழா. தொழிற்சாலைகளுக்கு விருது கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பேரவையிலிருந்து இரண்டு பேர் சால்வையோடு வந்திருந்தார்கள். ஹோமத்துக்குக் கல்பாத்தியிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். அறுபது வயதிருக்கும், பேச்சு குறைவு. எல்லாம் முடிந்ததும் ஜி.எம். மைக்கை அவர் கையில் கொடுத்தார்.

"நம் தொழிலாளர்களுக்கு மந்திரத்தின் அர்த்தத்தைச் சொல்லுங்கள். இதைச் சொன்னால் விபத்தே வராது என்பதை உங்கள் வாயால் கேட்கட்டும்."

வாத்தியார் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "விபத்து வராதுன்னு இதிலே எங்கேயும் இல்லை, கேட்டேளா. முக்கண்ணனைப் பூஜிக்கிறோம்னு தொடங்கறது. பின்னே, 'உர்வாருகமிவ பந்தனாத்'னு வரது. உர்வாருகம்னா வெள்ளரிப்பழம் ஆக்கும். வெள்ளரி நன்னாப் பழுத்தா கொடியை விட்டுத் தானா விடுபடும். வலி கிடையாது, இழுக்க வேண்டாம். அதுபோல எங்களை மரணத்திலேர்ந்து விடுவிக்கணும்னு கேக்கறோம். சாகவே படாதுன்னு இல்லை. காலம் வரதுக்கு முந்தி பிச்சுப் போடாதேன்னு வெச்சுக்கோங்கோ."

இருபத்தொன்பது நாளாகத் தினம் நூற்றெட்டு முறை தான் சொன்னது வெள்ளரியைப் பற்றி என்பது குப்பண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்குக் கோபம் வந்தது. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் அவருக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. எழுந்து நின்றார்.

"சாமி, நானு வெள்ளரி போடறவனுங்க. நீங்க சொல்றது நெசந்தானுங்க. பழுத்துதுன்னா காலைல போறப்ப கொடிக்குப் பக்கத்துல தானாக் கெடக்கும். பிஞ்சுல புடிச்சு இழுத்தா கொடியே கிழிஞ்சு தண்ணி வடியுமுங்க." நாலாம் நம்பர் பக்கம் கையை நீட்டினார். "எங்க வெரலெல்லாம் இன்னும் பழுக்கலீங்க சாமி. அந்த மெசினு பிஞ்சுலயே இழுக்குதுங்க."

வாத்தியார் அந்த மெஷினைப் பார்த்தார், ஷபீரின் கையைப் பார்த்தார், ஜி.எம்.மைப் பார்த்தார். "அதை ரிப்பேர் பண்ணப் படாதோ?" என்று கேட்டார்.

ஜி.எம். மைக்கை வாங்கிக்கொண்டார். "மிக ஆழமான விளக்கம்," என்றார். "வெள்ளரி! எவ்வளவு ஆரோக்கியமான காய். இப்போது நம் விருந்தினர்களுக்கு நாலாம் நம்பரைக் காட்டலாம். விபத்து நடந்த அதே மெஷின், இன்று மந்திரத்தால் சுத்தமாகிவிட்டது."

மெஷினுக்குச் சந்தனம் வைத்து, டையின் நடுவில் சாமந்தி வைத்தார்கள். டைக்கு உள்ளே இரு கைகளையும் நீட்டி, கர நியாசம் செய்வதுபோல் ஒரு படம் எடுக்கலாம் என்று பேரவைக்காரர்களில் ஒருவர் யோசனை சொன்னார். விருது மலரின் அட்டைக்கு நன்றாக இருக்குமாம். எல்லோரும் ஜி.எம்.மைப் பார்த்தார்கள். ஜி.எம். மெஷினைப் பார்த்தார்.

"மெயினை ஆஃப் பண்ணுங்கள்," என்றார்.

குப்பண்ணன் இரண்டு மாதமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. மெயினை அணைத்துவிட்டுச் சொன்னார்: "ஆஃப் பண்ணீட்டேனுங்க. ஆனா வீலு இன்னும் சுத்தீட்டு இருக்குதுங்க சார். நிக்கறதுக்கு மூணு நிமிசம் ஆகும். அதுவரைக்கும் கைய வெக்காதீங்க."

"இன்றைக்காவது எதிர்மறையாகப் பேசாமல் இருங்கள்," என்று ஜி.எம். கஃப் பட்டனைக் கழற்றினார். சட்டையை மடித்தார். பத்து விரல்களையும் ரோஜா நிறப் படத்தில் இருந்ததுபோலவே விரித்து உள்ளே நீட்டினார். போட்டோகிராபர் இன்னும் கொஞ்சம் உள்ளே என்றான். ஜி.எம். இன்னும் கொஞ்சம் நீட்டினார். குப்பண்ணன் குனிந்து காலடியிலிருந்த கருவேலக் கட்டையை எடுத்து, சாமந்தியைத் தள்ளிவிட்டு, நடுவில் முட்டுக் கொடுத்தார். படம் கெட்டுப்போகிறது, எடுங்கள் அதை என்று ஜி.எம். சொல்லி முடிப்பதற்குள் மேல் டை இறங்கியது.

கட்டை நீளவாக்கில் பிளந்து பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. டைக்கும் ஜி.எம்.மின் விரல்களுக்கும் நடுவில் நாலு விரற்கடை இருந்திருக்கும். அவர் கையை உருவிக்கொண்டு பின்னால் போய்த் தகட்டு அடுக்கின் மேல் உட்கார்ந்தார். கட்டைவிரலால் ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அந்த இருபத்தொன்பது நாளில் மனம் ஒன்றி நடந்த ஒரே கர நியாசம் அதுதான். ஷபீர் மட்டும் போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், மூன்று விரல்களால் டம்ளரைப் பிடித்து. ஜி.எம். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் குப்பண்ணனுக்கு நம்பிக்கை வந்தது. வந்திருக்கக் கூடாது.

தண்ணீர் குடித்ததும் ஜி.எம். எழுந்து மைக்கை எடுத்தார். "கண்ணால் பார்த்தீர்கள். மந்திரம் காப்பாற்றியது."

விருது கிடைத்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்து, யாரும் தொட்டுக் கறையாக்காமல் இருக்க, அதைச் சுற்றிக் கம்பி வலை போட்டார்கள். குப்பண்ணனுக்கு மெமோ வந்தது. அனுமதியற்ற மரப்பொருளை இயந்திரத்தில் வைத்தது, அதனால் டையில் கீறல், மேலும் மங்கள நேரத்தில் சாமந்தியைத் தள்ளியது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

மறுநாள் காலை குப்பண்ணன் வந்தபோது நாலாம் நம்பரைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். எல்லாப் பக்கமும் மூன்று மீட்டர். பக்கத்தில் ஒரு பலகை. ஜி.எம். ராத்திரி தூக்கம் வராமல் தன் கையாலேயே எழுதி, விடிவதற்கு முன் அச்சடிக்கச் சொன்னாராம். 'எச்சரிக்கை. இந்த இயந்திரம் எந்த நேரத்திலும் தானாக இயங்கக் கூடியது. மிகவும் அபாயகரமானது. யாராக இருந்தாலும் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. மீறினால் கடும் நடவடிக்கை.' கீழே ஜி.எம்.மின் கையெழுத்து, பெயர், பதவி, முத்திரை.

கீழே இன்னொரு வரி, ஆபரேட்டர் நீங்கலாக என்று, போட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அந்த பிரஸ்ஸில் ஒரு ஆள் நிற்கிறான் என்பது அவர் நினைவுக்கு வந்தால்தானே தோன்றும்.

குப்பண்ணன் பலகையை இரண்டு தடவை படித்தார். ஷபீரை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லி மூன்றாம் தடவையும் கேட்டார். பிறகு செருப்பின் நுனி மஞ்சளில் படாமல், கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். ஷபீர் அவர் பக்கத்தில் நின்றான். எட்டு மணிக்கு மணி அடித்தது. மற்ற பிரஸ்கள் ஓடத் தொடங்கின. எட்டரைக்கு சூப்பர்வைசர் வந்து கத்தினார். குப்பண்ணன் பலகையைக் காட்டினார். சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு, தானும் கோட்டிலிருந்து ஓரடி பின்னால் வந்து நின்று போன் செய்தார்.

ஒன்பது மணிக்கு ஜிதின் ஓடி வந்தான்.

"அண்ணா, ஜி.எம். கேட்கிறார், என்ன ஸ்ட்ரைக்கா?"

"ஸ்ட்ரைக்கெல்லாம் இல்லீங்க சார். பெரியவரு கையெழுத்துப் போட்டு எழுதி வெச்சிருக்காருங்க, தாண்டக் கூடாதுன்னு. நாங்க என்னத்தப் பண்றது? இன்னைக்குக் கணக்கு நூத்தியெட்டும் இங்க நின்னே சொல்லிப் போட்டேனுங்க. எழுதிக்குங்க."

ஜிதின் பதிவேட்டைத் திறந்தான். வேண்டுதல் கட்டத்தில் குப்பண்ணனைக் கேட்காமலேயே 'நாலாம் நம்பர் பிரேக்' என்று எழுதினான். பிறகு பலகையைப் போனில் படம் எடுத்தான். கையெழுத்தும் முத்திரையும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தான். பதிவேட்டை மூடிவிட்டு, அவனும் கோட்டுக்கு வெளியே ஷபீரின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணா, எவ்வளவு நேரம் இப்படி நிற்கிறது?"

குப்பண்ணன் நாலாம் நம்பரைப் பார்த்தார். நேற்று வைத்த சந்தனம் காய்ந்து, தூள் தூளாக டையின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.

"பழுக்கட்டுமுங்க," என்றார்.